அப்பாவுக்கு இரும்பு ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மகள் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

"அப்பாவுக்கு 57 வயது. முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் பகுதியில் வேலை செய்தவர். நீரிழிவால் சிறுநீரகம் பழுதாகி, ஒன்றரை வருடமாக வாரத்துக்கு இரண்டு தடவை டயலிசிஸ் செய்கிறோம். டயலிசிஸுக்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்துச் செய்திருந்த பிஸ்டுலா இரண்டு மாதத்துக்கு முன் அடைபட்டுவிட்டதால் இப்போது கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். ஈமோகுளோபின் 7.6. இரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபொயட்டின் ஊசி போட்டும் ஏறவில்லை. ஒவ்வொரு டயலிசிஸின் போதும் 100 மில்லிகிராம் வீதம் பத்துத் தடவை இரும்பு ஊசி போட வேண்டும் என்கிறார்கள்.

கொழும்பிலிருந்து சின்ன மாமா ஒரு காணொளி அனுப்பினார். இரும்பை நரம்பில் ஏற்றினால் 'ஒட்சியேற்ற அழுத்தம்' உண்டாகி இதயக் குழாய்கள் துருப்பிடித்தது போலாகும் என்று அதில் சொல்கிறார்கள். அப்பாவின் பெரிட்டின் அளவு மூன்று மாதத்துக்கு முன் 190, இப்போது 610. ஓர் இரும்பு ஊசிகூடப் போடாமலே இவ்வளவு ஏறியிருக்கிறது என்றால் உடம்பில் இரும்பு நிறைந்துவிட்டது என்பதுதானே அர்த்தம்? ஊசிக்குப் பதிலாக இரும்பு மாத்திரை, பீட்ரூட் சாறு, முருங்கைக்கீரை, விட்டமின் சி 1000 கொடுத்து வருகிறோம். அதுவும் போதாவிட்டால் இரண்டு பை இரத்தம் ஏற்றச் சொல்லலாமா? தம்பி தன் சிறுநீரகம் ஒன்றைத் தரத் தயாராக இருக்கிறான். ஊசியை மறுத்தால் டயலிசிஸை நிறுத்திவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது."

மூன்றாம் பக்கத்தின் அடியில், வேறு ஏதோ சொல்லிக்கொண்டு வரும்போது, அவர் இதையும் எழுதியிருந்தார்: "கடந்த மூன்று தடவையும் டயலிசிஸ் முடிந்து வரும்போது பஸ்ஸிலேயே அப்பாவுக்கு நடுக்கம் எடுத்தது. ஒரு நாள் இறங்கி லயத்துக்கு ஏறும்போது மழையில் கழுத்துக் கட்டும் நனைந்துவிட்டது. பனிக்காலம்தானே என்று இரண்டு பனடோல் கொடுத்துக் கம்பளியால் போர்த்தினோம். காலையில் சரியாகிவிட்டது."

மகள், உங்களை அப்படியே அழைக்கிறேன். என் பிள்ளைகளின் வயதுதான் உங்களுக்கும் இருக்கும். நீங்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் இரும்பைப் பற்றியவை. என்னை நாற்காலியிலிருந்து எழ வைத்தது அந்த நடுக்கம். கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே ஆசிரியர் பீடத்தின் மூலம் உங்களை அழைத்து, பத்திரிகைப் பதிலுக்குக் காத்திருக்காமல் அப்பாவை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொன்னோம். அவர் இப்போது வார்டில் இருக்கிறார், இரத்தப் பரிசோதனைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் இதை நிதானமாக எழுத முடிகிறது. இதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களும் வாசிக்கட்டும் என்பதற்காக முதலிலிருந்தே சொல்கிறேன்.

பனியின் மேல் பழி போட்ட நடுக்கம்

மலையகத்தில் பல வருடங்கள் டயலிசிஸ் நோயாளிகளைப் பார்த்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். கழுத்தில் குழாய் இருப்பவருக்கு, மெஷின் ஓடும்போதோ ஓடி முடிந்த சில மணி நேரத்துக்குள்ளோ, பல் கிட்டிக்கும் அளவுக்கு நடுக்கம் வந்தால் அது குளிர் அல்ல. மாறாக நிரூபிக்கும்வரை அதை இரத்தத்தில் கிருமி ஏறியதாகவே கருத வேண்டும். குழாயின் உட்சுவரில் கிருமிகள் ஒட்டிப் படிந்திருக்கும். மெஷின் இரத்தத்தை வேகமாக இழுத்துத் தள்ளும்போது அவை கழுவப்பட்டு உடலுக்குள் போகின்றன. அப்போதுதான் நடுக்கம். மெஷின் நின்ற பிறகு காய்ச்சல் தணிந்து, காலையில் ஆள் தெளிவாக இருப்பார். அடுத்த டயலிசிஸில் அதே கதை. உங்கள் அப்பாவுக்கு மூன்று தடவையும் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நம் ஊர்க் குளிர் இதை மறைத்துவிடுகிறது. சமவெளியில் ஒருவர் வெயிலில் நடுங்கினால் பக்கத்து வீட்டார்கூடக் கவனிப்பார்கள். ஹட்டன் பஸ்ஸில், ஜன்னல் எல்லாம் பனி மூடியிருக்கையில், மஃப்ளர் சுற்றிய ஒருவர் நடுங்கினால் யார் கவனிப்பது? அந்த மஃப்ளரே குழாயின் மேல் அழுத்தி, ஈரத்தையும் வியர்வையையும் பிடித்து வைத்திருக்கும். நனைந்த கட்டை அன்றே மாற்ற வேண்டும். கழுத்துக் கட்டின் மேல் உலர்ந்த, சுத்தமான பருத்தித் துணி மட்டும் இருக்கட்டும். இனி நடுக்கம் வந்தால் பனடோல் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். இரவானாலும் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். அது லயம்வரை ஏற முடியாவிட்டால் தோட்டத்து லொறியிலாவது பெரிய வீதிக்கு இறக்குங்கள். கவனிக்காமல் விட்டால் இந்தக் கிருமி இதய வால்வில் போய் உட்காரும், முதுகெலும்பிலும் உட்காரும்.

இதற்கும் இரும்பு ஊசிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நேரடித் தொடர்பு இருக்கிறது. கிருமிகள் பெருகுவதற்கு இரும்பு வேண்டும். உடம்பில் தொற்று பரவியிருக்கும்போது நரம்பு வழியாக இரும்பு ஏற்றக்கூடாது என்று உலகளாவிய சிறுநீரக அமைப்பான கேடிகோ 2012இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. ஆகவே இந்த வாரம் ஊசி வேண்டாம் என்ற உங்கள் முடிவு சரியானதே. காரணம் மட்டும் காணொளியில் சொன்னது அல்ல. உங்கள் வைத்தியர்கள் மேலும் குறை சொல்ல முடியாது. பஸ்ஸில் வந்த நடுக்கத்தைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

610 என்ற எண் என்ன சொல்கிறது?

பெரிட்டின் என்பது உடம்பு இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். அது குறைந்தால் இரும்பு குறைவு என்று உறுதியாகச் சொல்லலாம். கூடினால் மட்டும் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் காய்ச்சல், தொற்று, வீக்கம் எது வந்தாலும் பெரிட்டின் தானாகவே ஏறும். ஓர் ஊசிகூடப் போடாதவருக்கு மூன்று மாதத்தில் 190 எப்படி 610 ஆகும்? இரும்பு வானத்திலிருந்து விழாது. அந்த ஏற்றம் கழுத்துக் குழாயின் குரல் என்றே எனக்குப் படுகிறது.

அதே அறிக்கையில் இன்னோர் எண் இருக்கிறது. நீங்கள் அதன் கீழ்க் கோடு போடவில்லை. டிரான்ஸ்பெரின் நிறைவு: முன்பு 15 வீதம், இப்போது 13 வீதம். டிரான்ஸ்பெரின் என்பது இரத்தத்தில் இரும்பை ஏற்றிச் செல்லும் வண்டி. அதன் நூறு இருக்கைகளில் 13இல் மட்டுமே ஆள் இருக்கிறது. 20க்குக் கீழே போனால் எலும்பு மச்சைக்கு இரும்பு போதவில்லை என்று கொள்கிறோம். களஞ்சியத்தில் மூட்டை அடுக்கியிருக்கிறது, வாசல் பூட்டியிருக்கிறது, வெளியே வண்டி காலியாக ஓடுகிறது. அந்த வாசலைப் பூட்டுவது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின். தொற்றின் போது அது கூடும். சிறுநீரகம் பழுதானவர்களிடம் வெளியேற வழியில்லாமல் ஏற்கெனவே கூடியுமிருக்கும்.

எனவே முதலில் தொற்றைக் கண்டுபிடித்துத் தீர்க்க வேண்டும். பழைய குழாயைக் கழற்ற வேண்டியும் வரலாம். பிறகு சில வாரம் கழித்து, சிஆர்பி என்ற அழற்சிக் கணக்கு இறங்கியதும், இந்த இரண்டு எண்களையும் மீண்டும் பார்க்க வேண்டும். பெரிட்டின் இறங்கி, நிறைவு 20க்குக் கீழேயே நின்றால் இரும்பு தேவை. அப்போது மறுக்க வேண்டாம் என்று உங்கள் அப்பாவிடம் நானே சொல்வேன்.

துருப்பிடிக்கும் என்ற பயம்

அந்தக் காணொளி முழுப் பொய்யல்ல. அதனால்தான் அதை ஒதுக்கிவிடாமல் பேசுகிறேன். உங்கள் அப்பாவுக்கு ஒட்சியேற்றம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. முப்பது வருடம் அதைக் கையால் தொட்டவர் அவர். பச்சைக் கொழுந்து ரோலரில் நசுங்கி, காற்றுப் பட்டு, சில மணி நேரத்தில் செம்பு நிறமாக மாறுவதும் ஒட்சியேற்றம்தான். தொழிற்சாலையில் அதை வேண்டிய நேரத்தில் டிரையரில் போட்டு நிறுத்திவிடுவார்கள். உடம்பிலும் ஒட்சிசனிலிருந்து தீவிரமான துணுக்குகள் எந்நேரமும் உண்டாகின்றன. அவற்றை அடக்கும் பொருட்களும் உடம்பிலேயே உண்டு. அந்தச் சமநிலை குலைவதைத்தான் ஒட்சியேற்ற அழுத்தம் என்கிறோம்.

கட்டில்லாத இரும்பு, அதாவது எதனோடும் பிணையாமல் அலையும் இரும்பு, இதில் எரிகிற நெருப்புக்கு எண்ணெய். இரும்பும் ஐதரசன் பெரொட்சைட்டும் சேர்ந்தால் தீவிரமான ஒட்சியேற்றம் நடக்கும் என்பதை ஃபென்டன் என்ற வேதியியலாளர் 1894இலேயே எழுதிவைத்தார். இரும்பு ஊசி போட்ட பிறகு, கொழுப்புப் பொருட்கள் ஒட்சியேறியதன் அடையாளமான மலோன்டையல்டிகைடு இரத்தத்தில் கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல நான் விரும்பவில்லை.

ஆனால் இந்த ஊசியில் இருக்கும் இரும்பு சுக்ரோஸ் என்பது வெறும் இரும்பு அல்ல. இரும்பின் சிறு கருவைச் சர்க்கரை உறை மூடியிருக்கும். அதில் பெரும்பகுதியை உடம்பின் விழுங்கும் கலங்கள் எடுத்துப் பிரித்து, மெல்ல டிரான்ஸ்பெரினிடம் கொடுக்கின்றன. சிறு பகுதிதான் உடனே கழன்று கட்டில்லாமல் அலையும். அளவு கூடினால், வேகம் கூடினால், அந்தப் பகுதியும் கூடும். அப்பாவுக்குச் சொன்ன அளவு ஒரு தடவைக்கு 100 மில்லிகிராம். அதை 100 மில்லிலீட்டர் சேலைனில் கலந்து, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் மெஷின் வழியாகச் செலுத்துவது வழக்கம். கலந்த பை தொங்கும்போது பாருங்கள். கடும் சாயத்தேநீரின் நிறத்தில் இருக்கும். குழாய் வழியே அது இறங்கும் வேகத்தை உங்கள் கண்ணாலேயே கவனிக்கலாம்.

இரத்தத்தில் ஓர் அடையாளப் பொருள் கூடுவது வேறு, ஆளுக்கு மாரடைப்பு வருவது வேறு. இரண்டாவதுதான் நமக்கு முக்கியம். அதைத் தேடிப் பார்த்த பெரிய ஆய்வு பிவோட்டல். பிரித்தானியாவில் 50 நிலையங்களில், டயலிசிஸ் தொடங்கி ஒரு வருடத்துக்குள் இருந்த 2141 பேரிடம் நடந்து 2019இல் வெளியானது. ஒரு பிரிவுக்குப் பெரிட்டின் 700ஐத் தாண்டும்வரை அல்லது நிறைவு 40 வீதத்தை எட்டும்வரை மாதம் 400 மில்லிகிராம் இரும்பு. மற்றப் பிரிவுக்கு இந்த எண்கள் மிகக் குறைந்த பிறகு மட்டும் இரும்பு. துருக் கதை உண்மையானால் முதல் பிரிவில்தான் இதயம் கெட்டிருக்க வேண்டும். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பால் வைத்தியசாலை சேர்க்கை ஆகியவற்றில் ஏதாவது நேர்ந்தவர்கள் முதல் பிரிவில் 29.3 வீதம், மற்றதில் 32.3 வீதம். அதிகம் இரும்பு பெற்றவர்களுக்கு இரத்தம் ஏற்றும் தேவையும் எரித்ரோபொயட்டின் தேவையும் குறைந்தன. தொற்று கூடவில்லை.

இதையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆய்வில் சேரும்போது பெரிட்டின் 400க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. 610 உடனும் நடுக்கத்துடனும் இருக்கும் உங்கள் அப்பாவைச் சேர்த்திருக்கவே மாட்டார்கள். பல வருடம் கணக்குப் பார்க்காமல் ஏற்றினால் கல்லீரலில் இரும்பு படியும் என்பதும் உண்மை. ஆகவே கேள்வி இரும்பா, இல்லையா என்பது அல்ல. எப்போது, எவ்வளவு, எப்படிக் கணக்குப் பார்த்து என்பதுதான்.

இரும்பு போடாமல் விடுவதிலும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு டயலிசிஸிலும் வடிகட்டியிலும் குழாய்களிலும் கொஞ்சம் இரத்தம் தங்கிவிடுகிறது. பரிசோதனைக்கும் எடுக்கிறார்கள். வருடத்தில் 1 முதல் 3 கிராம்வரை இரும்பு இப்படிப் போகும். ஓர் ஆணின் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பே 3, 4 கிராம்தான். இரும்பு இல்லாமல் எரித்ரோபொயட்டினை மட்டும் கூட்டுவது, கொழுந்து வராத நாளில் ரோலரை ஓட்டுவது போல. அதிக அளவு எரித்ரோபொயட்டின் வகை மருந்தால் ஈமோகுளோபினை உயர்த்த முயன்ற ஆய்வில் பக்கவாதம் கூடியதை 2009இல் கண்டோம்.

நீங்கள் கொடுத்து வரும் பதில் மருந்துகள்

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. அன்பால் செய்தீர்கள், தெரியும்.

விட்டமின் சி 1000 மில்லிகிராமை இன்றே நிறுத்துங்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவரின் உடம்பில் அது ஒட்சலேற்று என்ற உப்பாக மாறித் தேங்கும். எலும்பிலும் இதயத்திலும் படியக்கூடியது அது. மேலும், கட்டில்லாத இரும்போடு சேர்ந்தால் விட்டமின் சி ஒட்சியேற்றத்தைத் தூண்டவும் செய்யும். எதைத் தடுக்க வாங்கினீர்களோ அதையே அது வளர்க்கலாம். டயலிசிஸில் கொஞ்சம் விட்டமின் சி வெளியேறுவது உண்மை. அதற்கு நாளுக்கு 60 முதல் 100 மில்லிகிராம் போதும். அதையும் வைத்தியரே எழுதித் தரட்டும். விட்டமின் ஈ பற்றியும் கேட்டிருந்தீர்கள். இரும்பு ஊசிக்கு முன் கொடுத்தபோது இரத்த அடையாளங்கள் குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. அதை எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கும் அளவுக்கு அவை வளரவில்லை.

பீட்ரூட் சாற்றில் பொட்டாசியம் அதிகம். முருங்கைக்கீரையிலும் அப்படியே. வாரத்துக்கு இரண்டு தடவை மட்டும் டயலிசிஸ் செய்பவருக்கு, இடையில் மூன்று நாள் இடைவெளி விழும்போது, ஒரு கோப்பைச் சாறு இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம். பக்கத்து வீட்டார் தரும் காமரங்காயையும் தொட விடாதீர்கள். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல் இருக்கும் அந்தப் பழம் டயலிசிஸ் நோயாளிக்கு மூளையைத் தாக்கும் நஞ்சு.

இரும்பு மாத்திரை கெடுதல் அல்ல. ஆனால் ஹெப்சிடின் பூட்டிய வாசல் குடலிலும் இருக்கிறது. அதற்கு மேல், கல்சியம் மாத்திரையோடு சேர்த்து, சாயத்தண்ணீரில் விழுங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் இரும்பைக் கட்டிப்போடும். மூன்று மாதமாக விழுங்கியதில் பெரும்பகுதி உடம்பில் சேர்ந்திருக்காது.

இரத்தம் ஏற்றுவதைப் பற்றி. இரும்புக்குப் பயந்து இரத்தம் கேட்கிறீர்கள். ஒரு பை இரத்தத்திலேயே 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் உங்கள் தம்பி. பிறருடைய இரத்தம் ஏற ஏற, அந்நிய உறுப்பை எதிர்க்கும் பொருட்கள் அப்பாவின் உடம்பில் வளரலாம். பிறகு தம்பி சிறுநீரகத்தைக் கொடுத்தாலும் உடம்பு ஏற்க மறுக்கலாம். உயிர் காக்க அவசரமாகத் தேவைப்பட்டால் ஏற்றத்தான் வேண்டும். மூச்சிரைப்பு, நெஞ்சுவலி இருந்தால் வைத்தியர் முடிவு செய்வார். ஊசிக்கு மாற்றாக மட்டும் அதைக் கேட்காதீர்கள்.

மறுக்கும் உரிமையும் கேட்கும் உரிமையும்

எந்த ஊசியையும் மறுக்க அப்பாவுக்கு உரிமை உண்டு. சம்மதம் அவருடையது. அவர் தெளிவாகப் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போது உங்களுடையதோ சின்ன மாமாவுடையதோ அல்ல. ஓர் ஊசியை மறுத்ததற்காக டயலிசிஸை நிறுத்துவது மருத்துவ நெறியில் இல்லை. பயப்படாதீர்கள். ஆனால் மறுப்பதற்கு முன் கேளுங்கள். தோட்டத்திலிருந்து போகிற நம் சனம் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் வாய் மூடி நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மொழியும் ஒரு தடையாகிவிடுகிறது. தமிழ் தெரிந்த தாதி ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பேசக் கேட்பதும் உங்கள் உரிமைதான். தொற்று தீர்ந்து, இரும்பு பற்றிய பேச்சு மறுபடி வரும்போது கேட்க வேண்டியவை:

• சிஆர்பியும் புதிய பெரிட்டினும் நிறைவும் எவ்வளவு? (ஊசி போட்ட உடனே எடுத்தால் எண் பொய்யாக ஏறியிருக்கும். ஒரு வாரமாவது கழிய வேண்டும்.)

• எந்த அளவு வந்தால் இரும்பை நிறுத்துவீர்கள்?

• மருந்து எவ்வளவு நேரத்தில் இறங்கும்? ஒவ்வாமை வந்தால் சமாளிக்க மருந்து பக்கத்தில் இருக்கிறதா?

• கையில் புதிய பிஸ்டுலா எப்போது செய்யலாம்? என்னைக் கேட்டால் முதல் கேள்வியே இதுவாக இருக்க வேண்டும். கழுத்துக் குழாய் இருக்கும்வரை இந்த நடுக்கம் திரும்ப வரலாம்.

கடும் ஒவ்வாமை அரிது. ஆனாலும் ஊசி இறங்கும்போதும் முடிந்து அரை மணி நேரமும் கவனம் தேவை. நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், உடம்பு அரிப்பு, தலைச்சுற்று வந்தால் அப்பா பொறுத்துக்கொண்டிருக்காமல் உடனே தாதியை அழைக்க வேண்டும். வாயில் உலோகச் சுவை வருவது மட்டும் என்றால் பயமில்லை.

கடைசியாக, கடையில் வாங்கிக் கொடுத்தவற்றைச் சொன்னால் வைத்தியர் ஏசுவாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவேளை ஏசலாம். அப்படியும் சொல்லுங்கள். விட்டமின் போத்தலையும் இரும்பு மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நடுக்கம் வந்த மூன்று திகதிகளையும், மெஷினில் ஏற்றிய நேரம், நடுக்கம் தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் அப்பாவின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். நாளை வார்டைச் சுற்றிப் பார்க்க வரும் வைத்தியரிடம் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுங்கள்.